இடமும் தொழிலும்: கூடைப்பந்தாட்ட அணியொன்றின் வரிசை மாற்றம்

பலர் கூடி ஒரு வினையைச் செய்யுமிடத்து, அவ்வினையைப் பகுத்து ஒவ்வொருவர்க்கும் ஓரிடம் வகுத்தல் இயல்பு. காலஞ் செல்லச் செல்ல வினை மாறியபோதும், வகுத்த இடங்கள் மாறாது நிற்றலும் இயல்பே. இடத்துக்குப் பெயர் ஏற்படுகின்றது. பெயருக்கு மதிப்பும் மதிப்புக்கு ஊதியமும் ஏற்படுகின்றன. பின்னர் அவ்விடம் எதன்பொருட்டு வகுக்கப்பட்டது என்று வினவுவோர் அரியராகின்றனர். அவ்வாறு வினவுவோர் உளராயினும், அவ்விடத்தில் இருப்பவரை எழுந்திருக்குமாறு கேட்கும் துணிவுடையோர் அவரினும் அரியர். இவ்வுண்மை அரசியலுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டுமே உரியதன்று. விளையாட்டரங்கிலும் இதனைத் தெளிவாகக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்திலே, கலிபோர்ணியா மாநிலத்தைச் சேர்ந்த கோல்டன் ஸ்டேற் வொறியர்ஸ் என்னும் அணி 2014ஆம் ஆண்டு முதலாகத் தன் ஆட்ட வரிசையையும் வீரர் தொகுதியையும் மாற்றியமைத்த வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

ஆட்டமும் ஐந்து இடங்களும்

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் ஆக்கப்பட்டது. பழக்கூடைகள் இரண்டினைப் பயிற்சிக்கூடத்தின் மேல்மாடக் கைபிடியில் அவர் அறைவித்தார். அவை நிலத்தினின்று 10 அடி உயரத்தில் அமைந்தன. இன்றும் வளையத்தின் உயரம் அதுவே. இலக்குத் தலைக்கு மேலே அமைந்தமையால், நெடியோர்க்கு இவ்வாட்டத்தில் தொடக்கத்திலேயே ஒரு தனிச்சிறப்பு உண்டாயிற்று.

ஓர் அணியில் ஒரே வேளையில் ஐவர் களத்தில் நிற்பர். அவர்க்குரிய இடங்கள் வழக்கில் பின்வருமாறு வகுக்கப்பட்டன. பின்னணி வீரர் இருவர்: அவருள் ஒருவர் பந்தைத் தட்டிக் கொணர்ந்து ஆட்டத்தை நடத்துபவர், மற்றவர் தூரத்தினின்று கூடையை நோக்கி எறிபவர். முன்னணி வீரர் இருவர்: ஒருவர் விரைவுடையவர்; மற்றவர் உடல்வலி மிக்கவர். ஐந்தாமவர் மைய வீரர். அவரே அணியில் மிக நெடியவர். வளையத்தினருகே நின்று பந்தை இடுதலும், பகைவர் எறிதலைத் தடுத்தலும், வளையத்திற் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றுதலும் அவர் தொழில். இவ்வரிசை பெரும்பாலும் உயர வரிசையே. ஏறத்தாழ ஆறடியில் தொடங்கி ஏழடியில் முடியும் ஒரு படிக்கட்டாக இதனைக் கொள்ளலாம்.

இப்பகுப்பு வீணே தோன்றியதன்று. 1950ஆம் ஆண்டையொட்டி மினியாப்பொலிஸ் அணியின் ஜோர்ஜ் மைக்கன், தம் உயரத்தினாலேயே களத்தை ஆண்டார். அவரது ஆதிக்கத்தைக் குறைக்கும்பொருட்டு, வளையத்தின் கீழுள்ள பகுதியின் அகலம் 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக விரிக்கப்பட்டது. அவர்க்குப் பின் பொஸ்ரன் அணியின் பில் றசல், 1957 முதல் 1969 வரையுள்ள பதின்மூன்று பருவங்களில் தம் அணி பதினொரு முறை வாகை சூட நடுவண் நின்று காத்தார். 1962ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் வில்ற் சேம்பலின் ஓர் ஆட்டத்தில் தனியொருவராக 100 புள்ளிகள் ஈட்டினார். அன்று அவர் ஆடியது பிலடெல்பியா வொறியர்ஸ் அணிக்காக என்பது ஈண்டு நோக்கற்பாலது. அவ்வணியே அவ்வாண்டில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்து, பின்னர் கோல்டன் ஸ்டேற் என்னும் பெயர் பூண்டது. நெடியோர் ஆட்சியின் கொடுமுடியைக் கண்ட அணியே அவ்வாட்சியை ஐயுற்று வினவிய அணியாகவும் அமைந்தது.

மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. உதைபந்தாட்டத்தில் களத்தினின்று நீங்கியவர் மீண்டும் புகுதலாகாது. கூடைப்பந்தாட்டத்திலோ ஒருவர் எத்தனை முறையேனும் நீங்கிப் புகலாம். ஓர் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர், ஆகவே பயிற்றுநர் பங்கிடவேண்டியவை 240 நிமிடங்கள். தொகுதியிலுள்ள பதினைவர்க்கும் அவற்றை எவ்வாறு பங்கிடுவது என்பதே அவர்முன் உள்ள கணக்கு. தொடங்கும் ஐவர் வேறு. முடிக்கும் ஐவர் வேறாக இருத்தல் கூடும். ஆயினும் தொடங்கும் ஐவருள் ஒருவராதல் ஒரு பெருமையாகவே கருதப்பட்டு வந்தது. இப்பெருமையே பின்னர் எழும் சிக்கலின் உயிர்நாடி.

கோடு செய்த மாற்றம்

1979ஆம் ஆண்டில் தொடங்கிய பருவத்தில், தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் களத்தில் ஒரு புதிய வளைகோட்டை வரைந்தது. அக்கோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்து இடப்படும் பந்துக்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று புள்ளிகள் வழங்கப்பட்டன. கோடு வளையத்தினின்று 23 அடி 9 அங்குலமும், மூலைகளில் 22 அடியும் தொலைவிலுள்ளது. முதலில் இது காண்போரை மகிழ்விக்கும் புதுமையாகவே எண்ணப்பட்டது. அதன் கணக்கை ஆராய்ந்தோர் சிலரே.

அக்கணக்கு மிக எளியது. ஒருவர் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று நூறு முறை எறிந்து நாற்பது முறை இடுவாராயின், அவர் ஈட்டுவது 80 புள்ளி. ஓரடி பின்வாங்கிக் கோட்டுக்கு வெளியே நின்று, முப்பத்தாறு முறையே இட்டாலும் அவர் ஈட்டுவது 108 புள்ளி. வளையத்தின் அருகிலே ஐம்பது முறை இடுபவரும் 100 புள்ளியே பெறுவர். ஆகவே தூரத்தெறிதல் வல்லார் ஒருவர், வளையத்தருகே நின்று போராடும் வலியவர் ஒருவர்க்கு நிகராவர், சிலவேளை மேம்படுவர்.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவர் குறிதவறாது எறிய வல்லவர் என்று தெரிந்தால், அவரைக் காக்கும் பகைவரும் அவரருகே சென்று நிற்றல் வேண்டும். அங்ஙனம் செல்லின் வளையத்தருகே வெளி உண்டாகும். பந்தை எறியாமலே, நிற்கும் இடத்தாலேயே ஒருவர் தம் அணிக்கு உதவுகின்றார். இதற்கு மாறாக, எறியத் தெரியாத நெடியவர் இருவர் வளையத்தருகே நின்றால், அவரைக் காக்கும் நெடியவர் இருவரும் அங்கேயே நிற்பர். உட்புக முயலும் விரைவுடையார்க்கு வழியடைபடும். 2001ஆம் ஆண்டில் காவல் முறை பற்றிய விதிகள் தளர்த்தப்பட்டு, ஆளுக்கு ஆள் என்னும் கட்டுப்பாடு நீங்கியபின், எறியத் தெரியாதவரைக் காவாது விட்டு மற்றவரை நெருக்குதல் எளிதாயிற்று. ஆதலின் உயரம் ஒன்றே உடையவரின் விலை குறையத் தொடங்கியது.

இதனை முதன்முதல் உணர்ந்தது கோல்டன் ஸ்டேற் அணி அன்று. பீனிக்ஸ் அணியின் பயிற்றுநர் மைக் டி'அன்ரோனி, 2004ஆம் ஆண்டில் தொடங்கிய பருவத்திலேயே வலிய முன்னணி வீரரை மையத்திலும், சிறிய முன்னணி வீரரை வலியவர் இடத்திலும் நிறுத்தி 62 ஆட்டங்களில் வென்றார். மயாமி அணி 2012இலும் 2013இலும் கிறிஸ் பொஷ் என்பவரை மையத்துக்கு மாற்றி வாகை சூடியது. பீனிக்ஸ் அணியின் பொது முகாமையாளராக 2007 முதல் 2010 வரை இருந்தவர் ஸ்டீவ் கேர். அவரே 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் கோல்டன் ஸ்டேற் அணியின் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார்.

ஒரு காயம் திறந்த வழி

கேர் பொறுப்பேற்றபோது அணி வலியிழந்து கிடந்ததன்று. முந்திய பருவத்தில் 51 ஆட்டங்களில் வென்றிருந்தது. ஆனால் 1975க்குப் பின் வாகை சூடியதில்லை. ஸ்டெபன் கறி, கிளே தொம்சன் என்னும் பின்னணி வீரர் இருவரும் தூரத்தெறிதலில் இணையற்றவர். இவ்விருவரையும் கொண்டிருந்தும், சங்கத்து அணிகளுள் மிகக் குறைவாகப் பந்தைக் கைமாற்றிய அணி அதுவாகவே இருந்தது. பந்து ஓடவேண்டும், ஆள்களும் ஓடவேண்டும் என்பதே கேர் கொண்ட கருத்து.

அவர் செய்த முதல் மாற்றம் அன்ட்ரே இகுவொடாலா பற்றியது. பத்துப் பருவங்கள் ஆடிய இவர், அதுகாறும் ஆடிய ஒழுங்குப் பருவ ஆட்டம் ஒவ்வொன்றிலும் தொடங்கும் ஐவருள் ஒருவராகவே நின்றவர். அவரை மாற்று வீரர் வரிசையில் அமர்த்தி, இளையவரான ஹரிசன் பாண்ஸைத் தொடக்கத்தில் நிறுத்தக் கேர் விரும்பினார். காரணம் இரண்டு. பாண்ஸ் வல்லவர் நால்வருடன் தொடங்கினால் அவர் திறன் மலரும். மாற்று வீரர்க்கோ வழிநடத்தும் மூத்தவர் ஒருவர் தேவை. இகுவொடாலா இதனை ஏற்றுக்கொண்டார். ஏலாதிருந்தால், மற்றை மாற்றங்கள் எவையும் நிகழ்ந்திரா எனலாம். மூத்தவர் ஒருவர் விட்டுக்கொடுத்த இடத்தில் மற்றவர் முரண்டுபிடித்தல் அரிது.

இரண்டாம் மாற்றம் திட்டத்தால் வந்ததன்று. வலிய முன்னணி வீரர் டேவிட் லீ, சங்கத்தின் நட்சத்திர ஆட்டத்துக்கு இருமுறை தெரிவு செய்யப்பட்டவர். அணியில் உயர்ந்த ஊதியம் பெற்றவருள் ஒருவர். பருவம் தொடங்குமுன் அவர் பின்தொடையிற் காயமுற்றார். அவரிடத்தில் நின்றவர் டிரேமண்ட் கிறீன். இவர் 2012ஆம் ஆண்டுப் புதுவீரர் தெரிவில் 35ஆமவராகவே எடுக்கப்பட்டவர். அவ்வாண்டில் இவர் ஊதியம் ஒரு மில்லியன் டொலரினும் குறைவு. உயரம் ஏறத்தாழ 6 அடி 7 அங்குலம். வலிய முன்னணி வீரர்க்கு இது போதாதென்றும், விரைவு முன்னணி வீரர்க்கு இவர் விரைவு போதாதென்றும் முன்னர்க் கருதப்பட்டது. வழக்கிலிருந்த இடம் எதுவும் அவர்க்குப் பொருந்தவில்லை.

ஆனால் அவர் தொழிலை நோக்கினால் காட்சி வேறாயிற்று. ஏழடி வீரரையும் காக்கும் வலி அவர்க்கு உண்டு. சிறியவரைத் தொடரும் கால்விரைவும் உண்டு. ஆகவே பகையணியினர் ஒருவர்க்கொருவர் சுவர்போல நின்று மறித்து வழிசெய்யும்போது, காப்போர் தம்முள் ஆளை மாற்றிக்கொள்ளலாம்; அம்மாற்றத்தால் இழப்பு எதுவும் நேராது. தாக்குதலிலும் அவரது பயன் பெரிது. கறியின் எறிதலுக்கு அஞ்சிப் பகைவர் இருவர் அவரை நெருக்குவர்; உடனே பந்து கிறீனிடம் வரும்; எஞ்சிய களத்தில் நால்வர்க்கு மூவர் என்னும் நிலை ஏற்படும். அக்கணத்தில் எவர்க்குப் பந்தை ஈவது என்று கண்டறியும் கண் அவர்க்கு இருந்தது. லீ உடல்தேறி வந்தபோது அவரது இடம் மீளவில்லை. அவர் அதுபற்றிப் பகிரங்கமாக முறையிடாது பருவத்தைக் கழித்தார். அணி 67 ஆட்டங்களில் வென்று 15இல் தோற்றது.

நான்காம் ஆட்டம்

2015ஆம் ஆண்டு இறுதித் தொடரில் எதிர்நின்றது கிளீவ்லன்ட் அணி. அதன் தலைவர் லெப்ரோன் ஜேம்ஸ். கெவின் லவ் தொடருக்கு முன்னரும், கைறி ஏர்விங் முதலாட்டத்திலும் காயமுற்று நீங்கியமையால், அவ்வணி விரைவாட்டத்தைக் கைவிட்டு, ஆட்டத்தை மெல்ல இழுத்து, ஏழடிக்கு மேற்பட்ட திமோபே மொஸ்கோவையும் துணைக்கொண்டு உடல்வலியாற் பொருதது. ஏழு ஆட்டத் தொடரில் மூன்று முடிந்தபோது, கிளீவ்லன்ட் இரண்டுக்கு ஒன்று என முன்னின்றது.

அவ்விரவில் கேரின் உதவியாளருள் இளையவரான நிக் யூரென் என்பவர், முந்திய ஆண்டின் இறுதித் தொடர்ப் படங்களைத் திரும்பப் பார்த்தார். அத்தொடரில் சான் அன்ரோனியோ அணி, நெடிய மைய வீரரைத் தொடக்க வரிசையினின்று நீக்கி, பந்தைக் கைமாற்ற வல்ல போறிஸ் டியோவைப் புகுத்தியதன் பின் மேலோங்கியதை அவர் கண்டார். தம் அணியும் மைய வீரர் அன்ட்ரூ போகற்றை அமர்த்தி, இகுவொடாலாவைத் தொடக்கத்திலேயே நிறுத்தலாம் என்பது அவர் கூறிய கருத்து. அங்ஙனமாயின் 6 அடி 7 அங்குலத்தினரான கிறீன் மையத்தில் நிற்பார். ஐவருள் எவரும் 6 அடி 8 அங்குலத்துக்கு மேற்படார்.

போகற் சிறியோர் அல்லர். 2005ஆம் ஆண்டுப் புதுவீரர் தெரிவில் முதல்வராக எடுக்கப்பட்டவர். 67 வெற்றிக்கும் காவலரணாக நின்றவர். அவ்வாறு பயன்பட்ட ஒருவரை, இறுதித் தொடரின் நடுவே, தொடக்க வரிசையினின்று நீக்குதல் எளிய முடிபன்று. தோல்வியுற்றால் பழி முழுவதும் பயிற்றுநரையே சாரும். கேர் அம்முடிபை மேற்கொண்டார். ஆட்டத்துக்கு முன் வினவிய பத்திரிகையாளரிடம் வரிசை மாறாதென்று கூறினார். பின்னர் அது பொய்யென அவரே ஒப்புக்கொண்டார். வெற்றிக்குப்பின் அக்கருத்துக்கு உரியவர் தம் இளைய உதவியாளரே என்றும் வெளிப்படக் கூறினார்.

2015 யூன் 11ஆம் நாள் நடந்த அவ்வாட்டத்தின் தொடக்கம் அச்சந் தருவதாயிருந்தது. கிளீவ்லன்ட் முதல் ஏழு புள்ளிகளையும் ஈட்டியது. இவ்விடத்திற் பழைய வரிசைக்கு மீளுதலே பலர் செய்வது. கேர் மீளவில்லை. சிறிது நேரத்தில் விரைவு தன் பயனைக் காட்டியது. முதற்கால் முடிவில் கோல்டன் ஸ்டேற் 31க்கு 24 என முன்னின்றது. மொஸ்கோவ் 28 புள்ளிகள் ஈட்டினார் என்பது உண்மை. நெடியவரை நீக்கினால் நெடியவர் பயன்பெறுவர் என்னும் அச்சம் பொய்யன்று. ஆனால் அவர் ஓரிடத்தில் ஈட்டியதைவிட அவரணி மற்றிடங்களில் இழந்தது மிகுதி. முடிவு 103க்கு 82. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லன்ட் பயிற்றுநரே மொஸ்கோவை ஒன்பது நிமிடம் மட்டும் ஆடவிட்டார். பகைவரைத் தம் வழியில் ஆடச் செய்தலே போரில் பாதி வெற்றி. தொடர் 4க்கு 2 என முடிந்தது. நாற்பது ஆண்டுக்குப் பின் வாகை வந்தது. தொடரின் சிறந்த வீரராக இகுவொடாலா தெரிவு செய்யப்பட்டார். அப்பருவம் முழுவதும் ஒழுங்கு ஆட்டம் ஒன்றிலேனும் தொடங்கும் ஐவருள் நில்லாதவர் அவர்.

மருந்தும் அளவும்

இவ்வெற்றியினின்று சிலர் பிழையான முடிபொன்றைக் கொண்டனர். சிறியோர் வரிசையே எஞ்ஞான்றும் சிறந்தது என்பது அம்முடிபு. கேர் அவ்வாறு கொள்ளவில்லை. அடுத்த பருவத்திலும் போகற்றே மையத்தில் நின்று ஆட்டங்களைத் தொடங்கினார். பத்திரிகைகள் மரண வரிசை எனப் பெயரிட்ட அந்த ஐவரும் பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களுக்கே ஒதுக்கப்பட்டனர். காரணம் வெளிப்படை. தம்மினும் நெடிய, பாரமான வீரருடன் நாள்தோறும் மோதுதல் கிறீனின் உடலைத் தேய்க்கும். 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அத்தேய்மானம் கடைசியில் தோன்றும். கடுமருந்தை உணவாகக் கொள்ளுதல் ஆகாது.

அப்பருவத்தில் அணி 73 ஆட்டங்களில் வென்று 9இல் மட்டும் தோற்றது. 1996இல் சிக்காகோ அணி நாட்டிய 72 வெற்றி என்னும் எல்லை கடக்கப்பட்டது. அச்சிக்காகோ அணியில் கேரும் ஒரு வீரராயிருந்தவர். எனினும் 2016ஆம் ஆண்டு இறுதித் தொடரில் மூன்றுக்கு ஒன்று என முன்னின்றும், அதே கிளீவ்லன்டிடம் அணி தோற்றது. ஐந்தாம் ஆட்டத்தில் கிறீன் ஒழுங்குக் குற்றத்தால் விலக்கப்பட்டார். அவ்வாட்டத்திலேயே போகற் முழங்காலிற் காயமுற்றுத் தொடரினின்று நீங்கினார். கடைசி மூன்று ஆட்டங்களில் பாண்ஸ் 32 முறை எறிந்து ஐந்தே முறை இட்டார். ஏழாம் ஆட்டம் 93க்கு 89 எனக் கைந்நழுவியது. ஓரிடத்துக்கு ஒருவரே பொருந்துவர் என்னும் நிலையில் நிற்கும் வரிசை எத்துணைச் சிறந்ததாயினும், அவ்வொருவர் நீங்கிய அன்று அது வரிசையாக நில்லாது. களத்து ஐவரைப் பற்றிய வினா, தொகுதியிலுள்ள பதினைவரைப் பற்றிய வினாவாக இவ்வாறு விரிந்தது.

தொகுதியும் பணமும்

தொழில்முறை அணி தான் விரும்பியவரையெல்லாம் சேர்த்துக்கொள்ளல் இயலாது. செல்வ அணிகளே என்றும் வெல்லாதிருக்கும்பொருட்டுச் சங்கம் ஊதிய உச்சவரம்பு ஒன்றை விதித்துள்ளது. பிற அணியிலிருந்து விடுபட்ட வீரரைப் பெருந்தொகைக்கு ஏற்க விரும்பும் அணி, முதலில் அவ்வரம்பினுள் இடம் உண்டாக்குதல் வேண்டும். ஆகவே ஒவ்வொருவரின் ஊதியமும் மற்றவர்க்கு அடைபடும் வாயில்.

2016ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே கூடின. தொலைக்காட்சி நிறுவனங்களுடன் சங்கம் செய்த, ஒன்பது ஆண்டுக்கு 24 பில்லியன் டொலர் பெறுமதியான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தமையால், உச்சவரம்பு ஒரே ஆண்டில் 70 மில்லியனிலிருந்து 94 மில்லியன் டொலருக்கு மேல் உயர்ந்தது. மற்றையது கறியின் ஒப்பந்தம். 2012இல் கணுக்கால் நோய் அவரை வாட்டியபோது, நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டொலர் என அது எழுதப்பட்டிருந்தது. சங்கத்தின் சிறந்த வீரராக இருமுறை தெரிவானவர் இடைநிலை வீரரின் ஊதியத்தையே பெற்றுவந்தார். இவ்விரண்டும் கூடிய வேளையில், ஒக்லகோமா அணியினின்று கெவின் டுராண்டைப் பெறும் வாய்ப்பு நேர்ந்தது.

இவ்வாய்ப்புக்குக் கொடுத்த விலையை ஆராய்தல் பயனுடைத்து. பாண்ஸ் விடப்பட்டார், போகற் வேறணிக்கு மாற்றப்பட்டார், மாற்று வீரர் பலரும் நீங்கினர். அவர்க்குப் பதிலாகக் குறைந்த ஊதியத்துக்கு மைய வீரர் சிலர் சேர்க்கப்பட்டனர். முற்காலத்தில் அணியின் தூணெனப் போற்றப்பட்டு மிகுந்த ஊதியம் பெற்ற இடம், சில நிமிடங்களுக்குப் பலர் பகிரும் இடமாயிற்று. ஊதியத்தின் பெரும்பகுதி, எறியவும் காக்கவும் பந்தைக் கொண்டுசெல்லவும் ஒருங்கே வல்லார்க்கு ஒதுக்கப்பட்டது. களத்தில் முன்னர்க் கண்ட கருத்தே இங்கே கணக்கேட்டிலும் எழுதப்பட்டது. அணி 2017இல் 4க்கு 1 எனவும், 2018இல் 4க்கு 0 எனவும் கிளீவ்லன்டை வென்றது. 2017இல் டுராண்ட் தாம் பெறக்கூடிய தொகையிற் பல மில்லியன் டொலரைக் குறைத்துக்கொண்டமையாலேயே, இகுவொடாலாவையும் ஷோன் லிவிங்ஸ்டனையும் அணியில் நிறுத்தல் எளிதாயிற்று. இங்கும் ஒருவர் விட்டுக்கொடுத்ததே மற்றவர்க்கு இடமாயிற்று.

வழியின் எல்லை

எனினும் சிலரிடத்தே செல்வத்தைக் குவித்த தொகுதி அச்சிலரின் உடல்நலத்தையே நம்பி நிற்கும். 2019ஆம் ஆண்டு ரொறன்ரோ அணியுடன் பொருத இறுதித் தொடரில், ஐந்தாம் ஆட்டத்தில் டுராண்டின் குதிகால் நரம்பு அறுந்தது. ஆறாம் ஆட்டத்தில் தொம்சனின் முழங்கால் இணையம் அறுந்தது. வாகை ரொறன்ரோவுக்குச் சென்றது. டுராண்ட் புறூக்ளின் சென்றார், இகுவொடாலாவும் மாற்றப்பட்டார். அடுத்த பருவத் தொடக்கத்திலேயே கறியின் கை முறிந்தது. அணி 15 ஆட்டங்களில் மட்டும் வென்று 50இல் தோற்றது.

பிறர் பின்பற்றிய வகையும் நோக்கத்தக்கது. ஹூஸ்ரன் அணி 2020 பெப்ரவரியில் தன் மைய வீரரை முற்றாக விடுத்து, 6 அடி 5 அங்குலத்தினரான பி. ஜே. ரக்கரை அவ்விடத்தில் நிறுத்தியது. லொஸ் ஏஞ்சலீஸ் லேக்கேர்ஸ் அணி அதற்கேற்பத் தன் வழமையான மைய வீரரைக் குறைத்து, நெடியவரும் விரைவுடையவருமான அந்தனி டேவிஸை மையத்தில் நிறுத்தி 4க்கு 1 என வென்றது. 2023இல் டென்வர் அணி முதன்முறை வாகை சூடியபோது, அதனை நடத்தியவர் நிக்கொலா யோக்கிச் என்னும் சேர்பியர். ஏறக்குறைய ஏழடி உயரமுடைய மைய வீரராகிய அவரே பந்தைக் கைமாற்றுவதில் அணியின் மூளையாகவும் விளங்கினார். நெடியவர் திரும்பி வந்தார் என்று இதனைக் கூறுதல் பொருந்தாது. உயரத்தோடு தொழிலும் கொண்டவர் வந்தார் என்பதே பொருத்தம். கோல்டன் ஸ்டேற் அணி கற்பித்தது குறுமையின் சிறப்பு அன்று. இடத்தின் பெயரைக் கேளாது, அங்குச் செய்யவேண்டிய தொழிலைக் கேட்கும் முறையே அது கற்பித்ததாகும்.

அம்முறையை அவ்வணி மறக்கவில்லை. 2022இல் பொஸ்ரன் அணியுடன் நடந்த இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில், மைய வீரர் கெவன் லூனியை அமர்த்தி, எறிய வல்ல ஒட்டோ போட்டரைக் கேர் தொடக்கத்தில் நிறுத்தினார். லூனி மாற்று வீரராகப் புகுந்து நெடுநேரம் பயன்பட்டார். தொடர் 4க்கு 2 என வெல்லப்பட்டது.

இவ்வரலாற்றில் மனத்தைத் தொடும் நிகழ்ச்சி, வெற்றி ஏதும் பெரிதாக விளையாத ஒரு பருவத்தில் நிகழ்ந்தது. நான்கு வாகைகளிலும் பங்கு கொண்ட தொம்சன், இரு பெருங்காயங்களால் விரைவு குன்றியிருந்தார். 2024 பெப்ரவரி 15ஆம் நாள் கேர் அவரை மாற்று வீரர் வரிசையில் அமர்த்தினார். 2012இல் முடிந்த தம் முதற்பருவத்துக்குப் பின் அவர்க்கு அது நேர்ந்தது அன்றே. அன்றிரவு யூற்றா அணிக்கெதிரே மாற்று வீரராகப் புகுந்த அவர் 35 புள்ளிகள் ஈட்டினார். அப்பருவ முடிவில் அவர் அணியை நீங்கி டலஸ் சென்றார். பத்தாண்டுக்கு முன் இகுவொடாலாவிடம் கேட்கப்பட்டதே அவரிடமும் கேட்கப்பட்டது. கேள்வி நியாயமானது என்பதனால் அது வலியற்றது ஆகிவிடாது.

முடிவுரை

வலியும் காலமும் இடனும் அறிந்து வினை தொடங்குக என்பது அறிவுடையோர் கொள்கை. கோல்டன் ஸ்டேற் அணியின் வரலாற்றில் இம்மூன்றும் காணப்படுகின்றன. கிறீனின் வலியை உயரத்தால் அளவாது தொழிலால் அளந்தமை ஒன்று. நான்காம் ஆட்டத்தில் துணிந்த மாற்றத்தை அடுத்த பருவத்தின் அன்றாட வழக்காக்காது, வேண்டும் நேரத்துக்கே வைத்துக்கொண்டமை மற்றொன்று. உச்சவரம்பு உயர்ந்த ஆண்டில் தொகுதியையே மாற்றியமைத்தமை இன்னொன்று. பகுப்புகள் யாவும் ஒரு காலத்துத் தேவைக்குக் கிடைத்த விடைகள். தேவை மாறும்போது அவற்றை மீள வினவுதல் அறிவின் கடன்.

ஆனால் அறிவு மட்டும் போதாது என்பதும் இவ்வரலாறு உணர்த்துவதே. பலகையிற் பெயர்களை மாற்றி எழுதுதல் எவர்க்கும் எளிது. அப்பெயருக்குரியவர் களத்தருகே அமர்ந்திருக்க, மற்றவர் அவரிடத்தில் நிற்றலைக் காண்பது எளிதன்று. இகுவொடாலாவும் லீயும் போகற்றும் தத்தம் இடத்தை விட்ட வகையினாலேயே கேரின் கருத்து வரிசையாக உருப்பெற்றது. இளைய உதவியாளர் ஒருவரின் சொல்லையும் கேட்டு, வெற்றியில் அவர் பெயரைச் சொல்லி, தோல்வி நேரின் பழியைத் தாமே சுமக்க நின்ற தலைவர் ஒருவரிடமே அவர்கள் அதனைச் செய்தனர். இடம் மாறுமாறு பிறரைக் கேட்கும் உரிமை, அக்கேள்வியின் பாரத்தை உணர்ந்தவர்க்கே உரியதாகும்.